நான் படிக்காமல் விட்ட இரண்டாம் தாள்

1961-ஆம் வருஷம் பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தென்காசியில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் நாற்காலி. எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. அப்பா அதைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்து போட்டிருந்தார்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில், ஆணிலும் பெண்ணிலும், பள்ளிக்கூடத்தில் கடைசிவரை உட்கார்ந்து படித்துத் தேறிய முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்கு அன்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை. தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும், கோர்ட்டுக் காகிதம் வந்தாலும் என்னைத் தேடித்தான் வருவார்கள். "டீச்சரம்மா இருக்காளா?" என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். நான் இன்னும் டீச்சர் ஆகவில்லை. ஆனாலும் அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது.

அப்பா கிழக்கே ஒரு நூல் மில்லில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தார். தினமும் விடியும் முன் ரயிலைப் பிடித்து, கடையம் தாண்டிப் போய், பொழுது சாய்ந்து திரும்புவார். எங்கள் தெருவில் அப்படிப் போய் வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர். அவர்களில் நாலு பேருக்கு அந்தப் பங்குனியில் வேலை முடிந்தது. அப்பாவும் ஒருவர்.

மில்லுக்குச் சொந்தமாக ஒரு வைத்தியசாலை உண்டு. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு கம்பவுண்டர், பத்துக் கட்டில். தொழிலாளிக்கும் அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். பெரிய வியாதி என்றால் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, செலவையும் மில்லே கட்டிவிடும். ஆனால் வேலை முடிந்த மறுநாள் அந்த வாசலில் நாம் யாரோ. வயசு ஏறி, வியாதி வரும் காலத்தில் வைத்தியம் நின்றுபோகும். இதற்காக மில்லில் அப்போதுதான் புதிதாக ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். கடைசியாகக் கைக்கு வரும் பணத்தில் மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையை மில்லிலேயே விட்டுவிட வேண்டும். விட்டால், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஆயுசு முழுக்க வைத்தியம் உண்டு. அந்த விவரம் ஆங்கிலத்தில் டைப் அடித்த இரண்டு தாள்களில் வந்திருந்தது. அதைப் படித்துச் சொல்லத்தான் எனக்கு அந்த நாற்காலி.

"சம்பளம் நின்னுபோச்சுன்னா சீக்கும் நின்னுரும்லா? பொறவு எதுக்கு அதுக்குன்னு ஒரு துட்டு?" என்றார் ஒருவர்.

"உமக்கு நிக்கும்வே. எனக்கு இனிமேத்தான் ஆரம்பம்" என்றார் பஞ்சுத் தூசியில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட இன்னொருவர், சிரித்து இருமிக்கொண்டே. "ஏம்மா, சீக்கே வராமச் செத்துப்போனா அந்தத் துட்டைத் திருப்பித் தருவானான்னு பாரு."

நான் முதல் தாளைப் பிடித்து ஒவ்வொரு வரியையும் முதலில் ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். ஆங்கிலம் அங்கே யாருக்கும் புரியாது. வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வாசித்தேன். அப்பா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளின் அடியில் இரண்டு விதிகள் இருந்தன. சேரும்போதே உடம்பில் இருக்கிற நோய்க்கு இந்த ஏற்பாட்டில் வைத்தியம் கிடையாது. சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருஷம் முடியும்வரை பெரிய நோய் எது வந்தாலும் செலவு நம்முடையது. வருஷம் கழிந்தால்தான் மில் ஏற்கும்.

"அதென்ன தாயி அப்படி? துட்டை வாங்கிட்டு ஒரு வருசம் சும்மா இருக்கச் சொல்லுதான்?" என்று பாயிலிருந்து ஒருவர் கேட்டார்.

"இன்ஷூரன்ஸுன்னா எல்லாமே அப்படித்தான் மாமா. இல்லேன்னா சீக்கு வந்த பொறவு எல்லாரும் ஓடியாந்து சேந்துருவாங்கள்லா?" என்றேன்.

எனக்கு எந்த இன்ஷூரன்ஸைப் பற்றியும் அதற்கு முன் தெரியாது. அந்த நிமிஷத்தில் தோன்றிய காரணத்தை, ரொம்ப நாளாகத் தெரிந்த மாதிரி சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

எதிர்வீட்டு மாமாவும் கேட்க வந்திருந்தார். அவருக்கு ஐப்பசியில்தான் வேலை முடிகிறது. அவர்தான், "அடியில இன்னொரு தாளு இருக்கே, அதுல என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டார்.

இரண்டாம் தாளைப் பார்த்தேன். இடைவெளி இல்லாமல் நெருக்கி அடித்திருந்தார்கள். தனியாக உட்கார்ந்து நிதானமாகப் படித்தால் புரிந்திருக்கும். ஆனால் எட்டு ஜோடிக் கண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. 'கொஞ்சம் பொறுங்கள், படித்துப் பார்க்கிறேன்' என்று சொன்னால் எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும். அப்படி ஒரு வார்த்தையை நான் அந்த முற்றத்தில் அதுவரை சொன்னதில்லை.

"அதே வெவரந்தான் மாமா. ஆபீசுக்கு உள்ளது" என்று சொல்லி மடித்துவிட்டேன்.

கதவுக்குப் பின்னால் பெண்கள் நின்றிருந்தார்கள். அம்மாவும் நின்றிருந்தாள்.

நாலு வீட்டிலும் சேர்வதென்று முடிவாயிற்று. அந்த மாதக் கடைசியிலேயே அப்பாவையும் அம்மாவையும் நான்தான் மில் வைத்தியசாலைக்கு அழைத்துப் போனேன். இருபத்தெட்டு வருஷம் பஞ்சுத் தூசியில் நின்ற அப்பாவுக்கு வயசான காலத்தில் ஏதாவது வரும், அதற்காகத்தான் சேருகிறோம் என்று எல்லோரும் நினைத்தோம். அம்மாவுக்குத் தலைவலி என்றுகூட நான் கேட்டதில்லை. கம்பவுண்டர் எடை பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். படிவத்தை நான் நிரப்பினேன். 'இப்போது உள்ள நோய்' என்ற இடம் வந்ததும், "அம்மா, ஒனக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன். இல்லேன்னு எழுது" என்றாள்.

இல்லை என்று எழுதினேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கம்பவுண்டர் சொன்னது நினைவிருக்கிறது.

மில்லில் விட்டது போக மீதிப் பணத்தில்தான் நான் பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இரண்டு வருஷப் படிப்பு. விடுதிச் செலவு, புத்தகம், இரண்டு வெள்ளைச் சேலை எல்லாம் அந்தப் பணந்தான். அப்பா அதைத் தபாலாபீசில் போட்டு வைத்திருந்தார். அதில் கை வைக்கக் கூடாது என்பது வீட்டில் எழுதாத சட்டம்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்திருந்தேன். அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. தெருப் பெண்கள் எல்லோரும் தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினோம். அம்மாவுக்குப் பேரருவி என்றால் உயிர். பெண்கள் பக்கத்தில் நேரே அடியில் போய் நிற்பாள். வெளியே இழுத்தால்தான் வருவாள். அன்றைக்கு அவள் பாறையில் உட்கார்ந்து எல்லோருடைய மாற்றுத் துணியையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன மதினி, அருவிக்கு வந்துட்டுத் துணிக்குக் காவலா? தண்ணி பட்டா கரைஞ்சுருவியளோ?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டாள்.

"தண்ணி இன்னைக்குக் கல்லு மாதிரி விழுது. எனக்குச் சளி. நீங்க போங்க."

ஓரமாக வழிகிற தண்ணீரைச் செம்பில் பிடித்துக் காலில் மட்டும் ஊற்றிக்கொண்டாள். நான் அருவிக்குள் நின்று, "வாம்மா, வாம்மா" என்று கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். திரும்பும்போது மங்குஸ்தான் வாங்கி எல்லோருக்கும் உரித்துக் கொடுத்தாள். நான் மறுநாள் விடுதிக்குப் போய்விட்டேன். ஒரு பெண் ஏன் நனைய மாட்டேன் என்கிறாள், ஈரச் சேலை எதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. மனோதத்துவப் பாடத்தில் திங்கட்கிழமை பரீட்சை இருந்தது.

அடுத்த வருஷம், 1962, வைகாசி விடுமுறை. அப்பா வெளியே போயிருந்தார். நான் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, சாப்பிட்டுக் கைய கழுவிட்டு அந்தக் கதவைச் சாத்து."

சாத்தினேன். அடுக்குப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தாள். அதைத் தரையில் கவிழ்த்தாள். புளியங்கொட்டைகள்.

"இதை எண்ணு."

"பதிமூணு இருக்கு. எதுக்கும்மா?"

"அமாவாசைக்கு ஒண்ணுன்னு போட்டு வச்சேன். பன்னெண்டு ஆச்சுன்னா வருசம். ஒண்ணு கூடுதலாவே இருக்கட்டும், அவன் எதாவது சொல்லிறப் போறான்னு இன்னும் ஒரு மாசம் பொறுத்தேன். நீதான் படிச்சவ, நல்லாப் பாத்துச் சொல்லு. வருசம் ஆயிட்டுல்லா?"

"எதுக்கு வருசம்?"

"நீதான படிச்ச? வருசம் கழிஞ்சா மில்லுக்காரன் செலவுன்னு."

பிறகு சேலையை விலக்கிக் காட்டினாள்.

நான் பார்த்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. சேர்வதற்கு முந்தின தை மாதம் கோலிக்குண்டு அளவில் மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டதாம். வலியில்லை என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. பங்குனியில், அப்பாவோடு எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறோமே, அங்கே காட்டலாம் என்று இருந்திருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கதவுக்குப் பின்னால் நின்று நான் படித்ததைக் கேட்டாள். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு வைத்தியம் இல்லை. வருஷம் முடியும் முன் வருகிற நோய்க்கும் இல்லை. அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டாள்.

"வலிக்கலியாம்மா?"

"மொதல்ல இல்ல. பொறவு பழகிட்டு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா சும்மா இருப்பாரா? தபாலாபீஸ் துட்டை எடுத்துருப்பாரு. நீ பாதியில படிப்பை விட்டுட்டு இங்கன வந்து உக்காந்திருப்ப." சேலையைச் சரிசெய்துகொண்டாள். "இப்போ சேந்த பொறவு வந்த சீக்குன்னு சொல்லிக்கிடலாம். ரெண்டு விதியும் தாண்டியாச்சு."

ஏதோ பரீட்சையில் தேறிய மாதிரி அவள் முகம் இருந்தது.

மறுநாள் முதல் வண்டியில் மூன்று பேரும் போனோம். அப்பாவிடம் ரயிலில்தான் சொன்னோம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வைத்தியசாலையில் டாக்டர் பார்த்துவிட்டு, அம்மாவை நர்ஸிடம் விட்டுவிட்டு, என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"எத்தனை நாளா இருக்கு?"

பொய் சொல்ல வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் என்றேன். ஏன் வரவில்லை என்று கேட்டார். விதியைச் சொன்னேன். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு பெரிய பதிவுப் புத்தகத்தைப் புரட்டச் சொன்னார். கம்பவுண்டர் புரட்டினார்.

"வேலை முடிஞ்ச மாசமே சேந்திருக்காரே உங்க அப்பா. அந்த விதியெல்லாம் வேலை முடிஞ்சு அறுபது நாள் கழிச்சு வந்து சேர்றவங்களுக்குத்தாம்மா. உங்களுக்கு முதல் நாள்லேருந்தே எல்லாம் உண்டு. சேரும்போதே இருந்த நோயானாலும் உண்டு. ரெண்டாம் பக்கத்துல முதல் வரியே அதுதானே? நீ படிச்ச பொண்ணு. பாக்கலியா?"

"கவனிக்கல சார்" என்றேன்.

அன்று மாலை டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தத் தாள்களை எடுத்தேன். இரண்டாம் தாள் ஒரு வருஷமாக நான் மடித்த மடிப்போடு அப்படியே இருந்தது. டாக்டர் சொன்னதுதான் முதல் வரி. கடினமான ஆங்கிலம்கூட இல்லை. ஒரே வாசிப்பில் புரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிஷம் செலவழித்திருந்தால் முற்றத்தில் இருந்த எல்லோருக்கும் சொல்லியிருக்கலாம்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா ஆபரேஷனுக்குப் போகிற நேரம், இப்போது போய் இதைச் சொல்லி அவளை நோகடிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்று எனக்குத் தெரியும்.

தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒரு பக்கத்து மார்பை எடுத்தார்கள். அக்குளுக்குள்ளும் பரவியிருக்கிறது, எடுக்க முடிந்ததை எடுத்திருக்கிறோம் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. ரயில் கட்டணம் முதல் கட்டுத்துணி வரை எல்லாவற்றையும் மில் கட்டியது. எங்களுக்கு ஒரு நயா பைசா செலவில்லை. அம்மா அதைத் தன் வெற்றியாக நினைத்தாள். பக்கத்துக் கட்டில்காரிகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். "எம்மவ இங்கிலீஷ் படிச்சவளாக்கும். முன்கூட்டியே சொல்லிட்டா, வருசம் கழிச்சுத்தான் வரணும்னு. இல்லேன்னா இருந்ததெல்லாம் போயிருக்கும்." அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் கூஜாவை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போய்விடுவேன். அந்த மூன்று வாரத்தில் அந்த ஆஸ்பத்திரியில் என்னைப்போல் வெந்நீர் வாங்கியவர்கள் இருக்க மாட்டார்கள்.

ஆடி பிறந்து நாங்கள் வீடு திரும்பினோம். பயிற்சிப் பள்ளியில் விடுப்புச் சொல்லியிருந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்கள் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். கட்டிலைச் சுற்றி ஐந்தாறு பேர். நான் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தேன். அம்மா அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மில்லுக்காரன் துட்டுல ஆபரேஷன், மில்லுக்காரன் துட்டுல ரயிலு. இவரு இருபத்தெட்டு வருசம் தின்ன பஞ்சுக்கு நான் ஒரே மாசத்துல வசூல் பண்ணிட்டேன்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு அத்தையும் சிரித்தாள். அவள் மெலிந்திருந்தாள். ஐப்பசியில் மாமாவுக்கு வேலை முடிந்ததும் அவர்களும் என்னைக் கேட்காமலே, நான் அன்றைக்குச் சொன்னதை வைத்துச் சேர்ந்திருந்தார்கள்.

அம்மா அவள் பக்கம் சாய்ந்து, "நீ எத்தனை போட்டிருக்க?" என்று கேட்டாள்.

"ஒம்பது ஆச்சு மதினி. இன்னும் மூணு."

"கூட ஒண்ணு போட்டுக்கோ. அதான் நல்லது."

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஆபரேஷனுக்குப் போகும் முன்பே அம்மா தன் ரகசியத்தை அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அவளுக்கும் அந்த வயசுப் பெண்கள் வெளியே சொல்லத் தயங்குகிற ஒரு தொந்தரவு, மாசக்கணக்கில் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் புளியங்கொட்டையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் மூன்று மாதமோ நாலு மாதமோ அவள் எண்ணுவாள்.

தம்ளர்களைக் கீழே வைத்தேன். உள்ளே போய்த் தாள்களை எடுத்தேன். வெளியே பேசிக்கொண்டிருந்த அப்பாவையும் எதிர்வீட்டு மாமாவையும் உள்ளே கூப்பிட்டேன். என் குரல் எப்படி இருந்ததோ, உடனே வந்தார்கள்.

"அத்தை, நீங்க மூணு மாசம் காக்க வேண்டாம். நாளைக்கே போலாம். அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். ரெண்டாவது தாளை நான் படிக்கவே இல்ல. படிச்ச மாதிரி சொன்னேன்."

பிறகு அந்தத் தாளைத் தமிழில் முழுக்கச் சொன்னேன். ஒரு பெண், "அப்போ இவ..." என்று அம்மாவைப் பார்த்து ஆரம்பித்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு மாமா என் பக்கம் திரும்பினார். "நான் கேட்டேனே தாயி. அடியில இன்னொரு தாளு இருக்கேன்னு அன்னைக்கே கேட்டேனே."

"கேட்டிய மாமா."

"தெரியலேன்னு சொல்லியிருந்தா போஸ்டு மாஸ்டர்கிட்டயாவது காட்டியிருப்போமே. நாங்க என்ன ஒன்ன அடிச்சா போட்டிருப்போம்?"

அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். விளக்கு வைக்கும்வரை திரும்பவில்லை.

எல்லோரும் போன பிறகு அம்மா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"அப்போ, சேந்த அன்னைக்கே காமிச்சிருக்கலாமா?"

"ஆமாம்மா."

"சீக்கு இல்லேன்னு எழுதச் சொன்னேனே. இருக்குன்னு எழுதியிருந்தாலும் பாத்திருப்பானா?"

"பாத்திருப்பாங்க."

"துட்டு கேட்டிருக்க மாட்டானா?"

"மாட்டாங்கம்மா."

வெளியே சாரல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"இது ஒனக்கு எப்போ தெரியும்?"

"டாக்டரைப் பாத்த அன்னைக்கு."

"அதான் ஆஸ்பத்திரியில எம்மூஞ்சியவே பாக்காம வெந்நி வெந்நின்னு ஓடிட்டு இருந்தியா? நான் என்ன நெனச்சேன் தெரியுமா? டாக்டர் என்னமோ சொல்லிட்டான், நான் சாவப் போறேன், இவ எங்கிட்ட மறைக்கான்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் ஒறக்கம் இல்லாம கெடந்தேன் ஏட்டி."

அதற்குத்தான் நான் அழுதேன். அவளும் அழுதாள். என்னை மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு யாருக்கோ வேலை சொல்கிற குரலில் சொன்னாள்.

"எதிர்த்த வீட்டுக்காரி நாளைக்கு ஏதாவது சாக்குச் சொல்லுவா. மாட்டுக்குப் புல்லு இல்லேம்பா. விடாத. மொத வண்டிக்கு நீயே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ."

சொன்ன மாதிரியே அத்தை சாக்குச் சொன்னாள். விடாமல் கூட்டிப்போனேன். அவளுக்கும் ஆபரேஷன் நடந்தது. நேரத்தோடு வந்திருக்கிறீர்கள் என்றார் டாக்டர். இன்றைக்கு அத்தை நன்றாக இருக்கிறாள். சீசனுக்குக் குற்றாலம் போய் வருகிறாள். மாமா மட்டும் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சேர்ந்திருந்த மற்ற மூன்று வீடுகளுக்கும் அந்த வாரமே நடந்து போய், தப்பாகச் சொன்னதைச் சொல்லிவிட்டு வந்தேன். ஒவ்வொரு வாசலிலும் அதைப் புதிதாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தாள். நான் பயிற்சி முடித்து வந்ததைப் பார்த்தாள். இலத்தூரில் எனக்கு வேலை கிடைத்ததையும் பார்த்தாள். தை மாதம் ஒரு மத்தியானம் போய்விட்டாள்.

அவள் போய்ச் சில மாதங்களில் மில்லிலிருந்து அப்பாவுக்கு ஒரு காகிதம் வந்தது. இனிமேல் அவர் ஒருவருக்கு மட்டுமான வைத்தியச் சீட்டுப் பற்றியது. வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுவார் என்று நினைத்தேன். என்னிடந்தான் கொண்டுவந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவாப் படி. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார். முன்னும் பின்னும் மூன்று தடவை படித்தேன். "அப்பா, இதுல ஒரு இடம் எனக்கு விளங்கல. ஆபீசுல போய்க் கேக்கணும்" என்றேன். "கேப்போம்" என்றார். மறுநாள் போய்க் கேட்டோம்.

குடும்பத்தில் முதலில் படித்தவள் என்கிற பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு, அதை விட மனமில்லை. ஆனால் நான் சொன்ன ஒரு சொல்லை நம்பித் தன் உடம்பில் வலியை வைத்துக்கொண்டு பதிமூன்று அமாவாசை காத்திருந்த ஒருத்தி இருந்தாள் என்பது, யார் என்னிடம் எதைக் கேட்டாலும் நான் வாய் திறக்கும் முன் என் எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறது.